ரசீதை நான் பார்ப்பதில்லை

திபிலீசி நிலையச் சதுக்கத்தில், தரைக்கு அடியில்,
மெட்ரோ நகர்படிகள் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில்
ஏழாம் எண் கடை என்னுடையது.
அவசரமாய்ப் பணம் தேவைப்படுகிறவர்கள்
குடையை உதறிக்கொண்டு இறங்கி வருவார்கள்.

ரெவாஸ் வந்தார்.
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருகிறவர்போல
இரண்டு கையாலும் ஏந்திய வெள்ளைப் பெட்டி.
எல்லாம் பத்திரமாய் இருந்தது உள்ளே.
திரைமேல் ஒட்டி வந்த மெல்லிய தாள்,
சுருள் பிரியாத சார்ஜர்,
எல்லாவற்றுக்கும் அடியில் ரசீது:
எட்டாயிரத்து நானூறு லாரி,
பதினான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை.

ரசீதை நான் பார்ப்பதில்லை.
பார்த்தால் வாய் குழறும்.
இந்த முறை கண்ணில் பட்டுவிட்டது.

மூடியைத் திறந்தேன்.
ஒரு கீறல் இல்லை, ஒரு விரல் ரேகை இல்லை.
பேட்டரி நிரம்பி வடிந்தது
மொத்தமே நாற்பத்தொரு தடவை.
"காகேத்தியில் ஒரு ஒயின் ஆலை,
அதற்கு வரைபடம் போடத்தான் வாங்கினேன்" என்றார்.
ஆலை எழவில்லை என்பதை
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மூவாயிரத்து நூறு."

முகத்தைப் பார்க்காமல்
கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவது என் வழக்கம்.

"என் ஓட்டை நீவா கார்,
கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டினேன்,
அதையே வாங்கிய விலைக்கு மேல் விற்றேன் அம்மா.
இதை நான் தொட்டதுகூட இல்லை."

அதுதான் சங்கடம், எப்படிச் சொல்ல?
பால் திரிந்தால் நாறும்,
இரும்பு துருவைக் காட்டும்.
போன செவ்வாய்க்கிழமை எங்கோ ஒரு மேடையில்
யாரோ ஒருவர் இதைவிட ஒல்லியானதைத்
தூக்கிக் காட்டிய அந்த நிமிடம்,
அலமாரியில் அணைந்து கிடந்த உங்கள் பெட்டியிலிருந்து
சத்தமே இல்லாமல் தொள்ளாயிரம் லாரி ஒழுகிவிட்டது.
செத்தாலும் ஆயிரம் பொன் என்பது யானைக்கு.
இதற்கு, உறை கிழிகிற ஓசைதான்
முதல் சாவு.

"வசந்தத்தில் வந்திருந்தால்?"
நாலாயிரத்து முந்நூறு.
"அதற்கு முன்னால்?"
ஐயாயிரத்தைந்நூறு கொடுத்திருப்பேன்.
"அடுத்த வருஷம்?"
கணக்குப் போட்டுச் சொல்வதற்குள்
கை காட்டி நிறுத்தினார்.

பெட்டியோடு போனார்.
பதினொரு கடை ஏறி இறங்கி
நாற்பது நிமிடத்தில் திரும்பி வந்தார்,
ஈரம் காலர்வரை ஏறியிருந்தது.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்.
"ரசீதை நான் எடுத்துக்கொள்ளலாமா?"
பத்தொன்பது வருஷத்தில்
யாரும் இதைக் கேட்டதில்லை.
நாலாய் மடித்து, சட்டைப் பையில், இடப்பக்கம்.

நான் விலை எழுதுகிற கணினிக்கு
வயது ஒன்பது. கீல் இரண்டு முறை மாற்றியது,
எட்டாம் எண் விசை இல்லாதது.
எட்டு வருகிற விலையே நான் சொல்வதில்லை என்று
பக்கத்துக் கடை ஓதார் கேலி செய்வான்.
அது விழுந்து முடித்துவிட்டது.
இனி அதற்குக் கீழே தரை மட்டும்தான்,
தரையில் நிம்மதியாய் வேலை ஓடுகிறது.

வியாழனன்று மாக்வாலா வந்தாள்.
கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு,
கையுறையில் ஆட்டு வாசனை.
மூவாயிரத்து எழுநூறை
இருபதும் ஐம்பதுமாய் எண்ணி வைத்தாள்,
கடைசி இருபதை இன்னொரு பையில் தேடி எடுத்து.
எழுத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள்.
திரைத்தாளின் ஓரத்தை நகத்தால் நிமிண்டி
சர்ரென்று இழுத்தாள்,
ஒரே இழுப்பில்.

அந்த ஓசையில் எனக்குள்
ஒரு முந்நூறு லாரி இறங்கியது.
அவள் சிரித்தாள்.

"புதுசில் இது என்ன விலை இருக்கும் அக்கா?"

ரசீது இல்லையே கண்ணு, என்றேன்.
தெரியாது.